துலாரி ஆலை வாசலுக்குத் திரும்பவில்லை

"கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ முறைச்சுக்கிறான், இந்தப் பக்கம் என் அடுப்பு அணையுது." டிரினிடாட் தீவில், கூவா ஊரில் ரொட்டி விற்கும் துலாரி, மாவு பிசையும்போது தினமும் இதைத்தான் சொல்வாள். நான் பக்கத்து வீடு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆனாலும் அவள் கோபம் நியாயம்.

மெத்தனால் ஆலை வாசலில்தான் அவள் கடை இருந்தது. ஆலைக்கு எரிவாயு வேண்டும். எங்கள் டிரினிடாட் கடலில் அது குறைந்துகொண்டே போகிறது. பக்கத்து வெனிசுவேலா கடலில் கொட்டிக் கிடக்கிறது. அந்த நாட்டின் மேல் தடை போட்டிருப்பதால், எடுக்க அமெரிக்காக்காரன் அனுமதி தரவேண்டும். தருவான், பிடுங்குவான், மறுபடி தருவான். நிச்சயம் பண்ணிப் பண்ணிக் கலைக்கிற சம்பந்தி மாதிரி.

அவ்வப்போது பழுது பார்க்க ஆலையை நிறுத்துவார்கள். வெளியாட்கள் வந்து குவிவார்கள். துலாரிக்கு அதுதான் தீபாவளி. போன வருஷம் ஆலை உச்சியில் எரியும் சுடர் அணைந்ததும், பழுது வேலைதான் என்று நினைத்து ரொட்டிக்குள் வைக்க இரண்டு மடங்கு பருப்பு ஊறவைத்தாள். காலையில் ஆட்கள் உள்ளே போகவில்லை. பூட்ஸையும் தொப்பியையும் கையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"அத்தை, இது பழுதுக்கு இல்ல, அமெரிக்காக்காரன் அனுமதியப் பிடுங்கிட்டான், ஆலைய மூடிட்டாங்க" என்றான் வெல்டர் ஆர்வின்.

"அரைச்ச பருப்ப எந்த ஊர் ஜனாதிபதி வந்து தின்பான்?"

அலைந்து திரிந்து சந்தையில் ஓர் இடம் பிடித்தாள். ஒரு வாரம் வராவிட்டால் அங்கே இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

போன மாதம் மறுபடி அனுமதி வந்தது. ஆலை மேனேஜர் மகாபிர் அவள் வீட்டுக்கே வந்தார்.

"துலாரிக்கா, பழைய இடத்துலயே கடையப் போடுங்க. ஆளுங்க திரும்ப வர்றாங்க."

"எத்தனை மாசத்துக்கு?"

"அத யாரால சொல்ல முடியும்? கம்பெனியே அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போடாம முழிக்குது."

"முழிங்க. ஆலை மூடினாலும் உங்களுக்குச் சம்பளம் வருது. என் ரொட்டி மத்தியானம் தாண்டினா நாய்கூட மோந்து பாக்காது. சந்தை எடத்த விட்டுட்டு வந்தா, நாளைக்கு அந்த அமெரிக்காக்காரன் மனசு மாறினதும் நான் எங்க போவேன்?"

"நீங்க வரலன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்."

"பாருங்க. வர்றவகிட்டயும் எத்தனை மாசம்னு தெரியாதுன்னே சொல்லுங்க."

கதவைச் சாத்திவிட்டாள். சந்தையில் வரும்படி குறைவுதான், ஆனால் சந்தைக்கு எவன் அனுமதியும் வேண்டாம்.

கூவா சந்தையில் மீன்காரர்களைத் தாண்டி நிற்கிறாள். ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். பூசணிக் கறி வைத்த தால்பூரி, அதாவது அவளுடைய பருப்பு ரொட்டி, கேளுங்கள். காரம் குறைக்கச் சொன்னால் திட்டுவாள். வாங்கிக்கொண்டு, நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.