இருபதுக்கு இருபத்தொன்று

கணக்குப் பரீட்சைக்குப் பயந்துதான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இத்தனை வருஷம் கழித்து ஒரு பரீட்சை என்னைத் தேடிக்கொண்டு திருவண்ணாமலை லாட்ஜுக்கே வரும் என்று யார் கண்டது?

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. கோயிலுக்குப் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தேன். முதலாளி ஒரு கம்ப்யூட்டரை வாங்கி வைத்து, "வர்றவங்களை எப்படிக் கவனிக்கணும்னு இந்தப் பொட்டியே உங்களுக்குப் பாடம் நடத்தும். முன்னாடி ஒரு பரீட்சை, பின்னாடி ஒரு பரீட்சை" என்றார்.

பாட சிடி மட்டும் பார்சலில் முதலிலேயே வந்திருந்தது. மதியம் ரூமெல்லாம் காலியாக இருக்கும் நேரத்தில் அதைப் போட்டுப் போட்டுப் படித்தேன். டை கட்டிய ஆள் ஒருவர் வந்து பேசுவார். வெந்நீர் வரவில்லையா, புன்னகை. சாவி தொலைந்ததா, புன்னகை. வாட்ச்மேனையும் கூப்பிட்டேன். "ராத்திரி முழிக்கிறவன் பகல்ல தூங்குவானா, படிப்பானா? போப்பா" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

பாடத்தைத் தயாரித்த கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்தார். காலேஜ் முடித்த கையோடு வந்த முகம். தாளைக் கொடுத்து முதல் பரீட்சை வைத்தார். வாட்ச்மேனுக்கு இரண்டு மார்க். எனக்கு இருபதுக்கு இருபது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றால், அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னண்ணா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"தப்பா மேடம்?"

"எல்லாமே சரி, அதான் தப்பு. இப்போ கம்மியா வாங்கி, படிச்சப்புறம் ஜாஸ்தியா வாங்கணும். அந்த வித்தியாசத்தை வெச்சுதான் பாடத்துக்குப் பலன் இருக்கான்னு சொல்வோம். நீங்க இதுக்கு மேல எங்க போவீங்க?"

கேட்டுக்கொண்டிருந்த முதலாளி, "மார்க் ஏறாதவன் துணிமணியைக் கட்டிக்கினு ஊருக்குக் கெளம்பட்டும்" என்றார். ஊர் என்றால் கீழ்பென்னாத்தூர். அங்கே வேர்க்கடலை பிடுங்கத் தெரியாமல்தான் லாட்ஜுக்கு வந்தேன்.

"மேடம், மறந்துட்டுத் திரும்ப எழுதட்டுமா?"

"குறிச்சாச்சுண்ணா."

ஒரு மாதம் பாடம் நடந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. பாடத்தில் சொன்னபடி சிரித்துப் பார்த்தேன். ரூம் கேட்டு வந்த ஒரு குடும்பம் என் சிரிப்பைப் பார்த்து, வாடகையை ஏற்றிவிட்டார்கள் போல என்று பக்கத்து லாட்ஜுக்குப் போய்விட்டது. வாட்ச்மேன் மட்டும் ஜாலியாக இருந்தார். "படிக்காம உட்காந்திருந்தா என்னாப்பா? இப்ப பாரு, எனக்கு ஏற எவ்ளோ எடம் இருக்குது!"

இரண்டாவது பரீட்சை வந்தது. இருபது கேள்வியையும் முடித்தேன். கை நிற்கவில்லை. தாளைத் திருப்பி, நானே இருபத்தொன்றாவது கேள்வியை எழுதினேன்.

'மலையிலிருந்து இறங்கிய குரங்கு, ரூமுக்குள் புகுந்து பழத்தை எடுத்தால் என்ன செய்வீர்? அ) குரங்கைப் புன்னகையுடன் வரவேற்பேன். ஆ) ரூம்காரரைப் புன்னகையுடன் சமாதானம் செய்வேன். இ) கதவைச் சாத்திவிட்டு ஓடுவேன். ஈ) முதலாளியைக் கூப்பிடுவேன்.'

எதுக்கு வம்பு என்று நாலுக்கும் டிக் போட்டேன்.

அந்தப் பெண் படித்துவிட்டு மேஜையில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதற்கும் ஒரு மார்க் போட்டார்.

மறுநாள் முதலாளி முன்னால், எங்கள் மார்க்கைக் கோடாக வரைந்த அட்டையை அந்தப் பெண் விரித்தார். வாட்ச்மேனின் கோடு ஜம்மென்று மலை மாதிரி ஏறியிருந்தது. என் கோடு மேல் விளிம்பிலேயே ஊர்ந்து போய், கடைசியில் அட்டையைத் தாண்டியது. அதற்காகத் தனியாக ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தார்.

"இது என்னம்மா, கோடு வெளிய போவுது?"

"ஏறியிருக்கு சார். பாடத்துல இல்லாத கேள்வியை அவரே கேட்டிருக்காரு. இதுவும் பலன்தான் சார்."

முதலாளி என் தாளை வாங்கித் திருப்பினார். கேள்வியைப் படித்தார். மறுபடி படித்தார்.

"ஏறியிருக்குதான். சரி, இருந்துட்டுப் போ" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஈ-ல என்னை எதுக்குடா இழுத்த? எனக்குக் குரங்குன்னா பயம்டா."

அடுத்த வாரமே குரங்கு வந்தது. நாலில் மூன்றை மட்டும் செய்தேன்.