உத்தமன் ஃபைலுக்கு மூன்று பெயர்கள்

காலையில் அத்திபெலேயில் பஸ் ஏறும்போதே தமயந்தியோடு பயமும் சேர்ந்து ஏறிவிடும். கேஸை அணைத்தோமா, பஞ்ச் பண்ண லேட்டாகுமா, கன்னடத்தில் யாராவது வேகமாகக் கேட்டால் என்ன சொல்வது. வாணியம்பாடியிலிருந்து வந்து ஒன்பது வருஷம் ஆகியும் அந்தப் படபடப்பு அடங்கவில்லை.

பொம்மசந்திராவில் ஒரு பம்ப் கம்பெனியின் ஃபைல்களைப் பார்த்துக்கொள்வது அவள்தான். எதை யார் பார்க்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் லேபிள் போட வேண்டும்: பொது, உள்ளுக்குள், ரகசியம். அதற்கென்று இருந்த தனி சாஃப்ட்வேர் பழசாகிவிட்டது. இனி வேர்டிலும் எக்செலிலுமே லேபிள் கூடவே வந்துவிடுமாம். அந்த மாற்றத்துக்குத் திட்டம் போடும் வேலை அவள் தலையில் விழுந்தது.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. இரண்டாவது வாரம் கம்ப்யூட்டர் பிரிவு கிஷோர் சொன்னான்: "லேபிள் இல்லாத ஃபைல் எல்லாம் தானா 'உள்ளுக்குள்' ஆயிடும்க்கா. கம்பெனியில யார் வேணா திறக்கலாம்."

தமயந்திக்கு உடனே ஒரு ஃபோல்டர் நினைவுக்கு வந்தது. தொழிலாளர்களின் வைத்தியச் சான்றுகள் முப்பத்தேழும் லேபிள் இல்லாமல் கிடந்தன. வேண்டுமென்றே விட்டதுதான். 'ரகசியம்' போட்டால் நர்ஸ் யசோதாவின் பழைய கம்ப்யூட்டரில் திறக்காது. அதனால் ஃபோல்டரை மட்டும் பூட்டி, பாஸ்வேர்டை அவளும் யசோதாவும் மட்டும் வைத்திருந்தார்கள். புது ஏற்பாட்டில் அந்தப் பூட்டே கிடையாது.

"ரகசியம்னு மாத்திடு" என்றாள்.

"அப்ப டிபார்ட்மென்ட் ஹெட் அத்தனை பேரும் பார்க்கலாம். பேர் போட்டு லாக் பண்ற லேபிள் ஒண்ணு செய்யலாம். ஆனா ஒவ்வொரு ஃபைலையும் யார் யார் திறக்கலாம்னு பேர் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

தன் பெயரையும் யசோதா பெயரையும் போட்டு முடித்துவிடலாம். கை அதற்குத்தான் போனது. பிறகு நின்றது. உடம்பு அவர்களுடையது, பெயரை இவள் எப்படிப் போடுவது?

முப்பத்தாறு பேரைக் கேட்பது சுலபம். முதுகுவலி, கண் ஆபரேஷன், சர்க்கரை. முப்பத்தேழாவது, தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பின் உத்தமன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு டிபி. ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டுக் குணமாகிவிட்டது. ஊரில் நிலத் தகராறு என்று சொல்லித்தான் லீவு எடுத்தார். சான்றிதழை யசோதா கையில் மட்டும் கொடுத்தார். தமயந்தி அதைப் படித்தது அவருக்குத் தெரியாது. கேட்கப் போனால் தெரிந்துவிடும். அப்புறம் அந்த மனுஷன் தன் முகத்தைப் பார்ப்பாரா?

புதன்கிழமை டீ நேரத்தில் அவரைத் தனியே கூப்பிட்டாள். சொல்ல நினைத்தது பாதியில் குழறிப்போனது.

"அண்ணே... உங்க ஃபைலை யார் பார்க்கலாம்னு நீங்களே சொல்லணும். நான்... நான் படிச்சிருக்கேன்."

உத்தமன் கிளாஸை ஊதினார்.

"தெரியும் மேடம்."

"எப்படி?"

"லீவு முடிஞ்சு வந்த அன்னைக்கு, காய்ச்சல் விட்டுதாண்ணேன்னு கேட்டீங்க. நான் காய்ச்சல்னு யார்கிட்டயும் சொல்லலையே." சிரித்தார். "வெளிய போகும்னு ஒரு மாசம் பயந்துட்டே இருந்தேன். போகல. அப்புறம் விட்டுட்டேன்."

தமயந்திக்குக் கண் கலங்கியது. குனிந்து நோட்டைத் திறந்தாள். "யசோதா சிஸ்டர் பேர் போடட்டுமா?"

"போடுங்க. உங்களுதும்." கொஞ்சம் யோசித்தார். "பக்கத்து மெஷின் கிருஷ்ணப்பா பேரும் வேணும். தினம் என் சாப்பாட்டு டப்பாவுலதான் கை வைக்கிறான். இத்தனை நாளா மறைச்சது உறுத்துது. ஆனா இப்ப எழுதாதீங்க. முதல்ல நான் சொல்லிடறேன்."

வியாழக்கிழமை அவர் பதில் சொல்ல வரவில்லை. பிரஸ் ஷாப் பக்கம் இரண்டு முறை போய், அவரைக் கூப்பிடாமலே திரும்பினாள். சொல்லி விரோதமாகிவிட்டதோ? நாம் கேட்காமலே இருந்திருக்கலாமோ?

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு உத்தமன் கதவருகே வந்து நின்றார்.

"எழுதிக்கோங்க மேடம்."

"கிருஷ்ணப்பா என்ன சொன்னார்?"

"ஒரு நாள் பூரா பேசல. இன்னைக்குக் காலையில வந்து திட்டினான். அப்பவே சொல்லியிருந்தா தினம் ரெண்டு முட்டை கொண்டாந்திருப்பேனே, என்னைப் பாவி ஆக்கிட்டியேடான்னு. இப்பக் கொண்டாந்திருக்கான், மூணு. திங்கலேன்னா விடமாட்டானாம்."

பட்டியலைப் பார்த்த கிஷோர் தலையைச் சொறிந்தான். "கிருஷ்ணப்பாவா? அவருக்கு லாகினே இல்லையேக்கா. கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டார்."

"வரவேண்டாம். உத்தமன் அண்ணே கேட்ட பேரு அது. லாகின் ஒண்ணு போட்டுச் சேத்துடு" என்றாள் தமயந்தி. குரல் நடுங்கவில்லை.