இரண்டு அருள் நிறைந்த மந்திரம்

கொழும்பு கொட்டாஞ்சேனையில், கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கும் நேசத்துக்குப் பதினொரு வருடமாகச் சரியான நித்திரை இல்லை. பட்டப்பகலில் தையல் மெஷினில் கண்ணயர்ந்து, இரண்டு தரம் விரலில் ஊசி ஏறிவிட்டது.

"மனுசன்ர குறட்டைதானே? காதில பஞ்சை வைச்சுக்கொண்டு படுமன்!" என்று பக்கத்து வீட்டு யூஜினா சிரிப்பாள்.

நேசம் குறட்டைக்குப் பயந்தவளில்லை. அது நிற்பதற்குத்தான் பயந்தாள்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் கணவர் கிளெமென்ற்றின் குறட்டை திடீரென்று அறுந்துபோகும். மூச்சும் நின்றுவிடும். நேசம் செபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு, மாதாவை வேண்டும் அருள் நிறைந்த மந்திரத்தைத் தொடங்குவாள். இரண்டாவது மந்திரம் முடியும்போது அவர் 'ஹக்' என்று மூச்சை இழுப்பார். மாதாதான் புருஷனைத் திருப்பித் தருகிறாள்! கேட்டது கிடைக்கும்போது டொக்டரிடம் சொல்ல என்ன இருக்கிறது? அந்தப் பேதை மனம் அப்படித்தான் நம்பியது.

தினமும் மூன்று வகைக் குளிசை குடித்தும் கிளெமென்ற்றின் பிரஷர் இறங்கவில்லை. இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர் ஆதிபாவின் முகம் மாறியது.

"அங்கிள், இதயம் கஷ்டப்பட்டா இரத்தத்தில ஒரு பொருள் கூடும். உங்களுக்குக் கூடியிருக்கு. நல்லா நித்திரை வருதா?"

"கட்டிலில விழுந்தா கட்டைதான், டொக்டர்! என்ர குறட்டை எங்கட ஒழுங்கையில எல்லா வீட்டுக்கும் கேக்கும்."

"இடையில மூச்சு நிக்குமா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நான் நித்திரையெல்லே!"

"நிக்கும்," என்றாள் பக்கத்தில் இருந்த நேசம் மெதுவாக.

"எவ்வளவு நேரம், அன்ரி?"

"ரெண்டு அருள் நிறைந்த மந்திரம்."

கிளெமென்ற் வெடித்துச் சிரித்தார். "டொக்டர் முஸ்லிம் ஆளடி! மணிக்கூட்டுக் கணக்கில சொல்லு."

ஆதிபா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "சொல்லிக் காட்டுங்கோ, அன்ரி."

நேசம் கண்ணை மூடிச் சொன்னாள். இரண்டாம் முறை 'மரண நேரம்' என்ற சொல் வந்ததும் குரல் உடைந்தது.

"நாப்பது செக்கன். மூச்சு நிக்கிற ஒவ்வொரு தரமும் இதயம் தவிக்குது, அங்கிள். பிரஷர் இறங்காததுக்கும் அது காரணமா இருக்கலாம்."

கிளெமென்ற்றின் சிரிப்பு செத்தது. "பதினொரு வருஷமா நீ நித்திரையில்லாமக் கிடந்தது இதுக்கோ? ஏன் என்னட்டச் சொல்லேல்ல?"

"நான் கண்ணயர்ந்தா... உங்களுக்கு மூச்சு திரும்பி வராதெண்டு பயம்," என்று அவள் விம்மினாள். ஊசி ஏறிய அந்த விரலை அவர் தன் முரட்டுக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

நித்திரைப் பரிசோதனையும் நேசத்தின் கணக்கைத்தான் சொன்னது. நித்திரையில் மூச்சு நிற்காமல் காற்றை ஊதும் மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது. முகமூடியை மாட்டிக்கொண்டு கிளெமென்ற் படுத்தார். நேசம் வழக்கம்போலச் செபமாலையை எடுத்தாள். முதல் மந்திரத்தில் பாதியைக்கூட அவள் தாண்டவில்லை.

விடிந்தபோது அவர் கட்டிலில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரே குறட்டை, நேசம்!"

அவள் பதறி எழுந்தாள். "நிண்டதோ?"

"நானில்லையடி," என்றார் அவர், கண் கலங்க. "நீ."