தர்மா மச்சானின் மல்லி மூட்டை

தர்மா மச்சான் முட்டாள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்டவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் என் அக்கா தவமணியின் கணவர். ஈப்போவில் நைனா முகம்மதுவின் மசாலா மில்லில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே மிளகாய் வறுத்தவர். வேலை முடிந்து அவர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரன் தும்முவான். "மச்சான், உங்கள அப்படியே கொழம்புல முக்கி எடுத்துறலாம் லா," என்பேன். "ஒங்கக்கா தெனமும் அதத்தானே செய்யுறா," என்பார். வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பிறந்தது தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருடைய அப்பா காய்ச்சலில் படுத்து, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் இருந்திருக்கிறார். தோட்டத்துக் கணக்கரான கிராணி பேரை வெட்டிவிட்டார். தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலை மட்டுமா போகும்? குடியிருக்கும் லயத்து வீடும் சேர்ந்து போகும். அம்மிக்கல்லும் கோழிகளும் பிள்ளைகளும் ரோட்டோரம் வந்து நின்றார்கள். இன்று அந்தத் தோட்டமே இல்லை. பாதியில் செம்பனை, பாதியில் புது வீடுகள். மச்சானுக்கு அந்தப் பயம் மட்டும் போகவில்லை. ஒரு நாள் லீவு போடச் சொன்னாலும், "பேர வெட்டிருவாங்க," என்பார்.

அறுபதைத் தொட ஒரு வருடம் இருக்கும்போது ஸ்ட்ரோக் வந்தது. வலது கையும் காலும் போயின. நாக்கு குழறியது. ஆஸ்பத்திரிக்கு முதலாளி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். மச்சான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மொதலாளி, பேர மட்டும் வெட்டிறாதீங்க."

"அல்லா மேல சத்தியமா வெட்ட மாட்டேன் தர்மா. உசுரோட இருக்கிறவன் பேர நான் வெட்டுவேனா?"

கேட்டுக்கொண்டிருந்த அக்காவும் அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. நல்ல மனுஷன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

மறு வாரமே நான் அக்காவிடம் சொன்னேன். இத்தனை வருடம் சம்பளத்தில் சொக்சோ என்ற தொழிலாளர் காப்புறுதிக்குப் பிடித்தது எதற்கு? வேலை செய்ய முடியாமல் போனவர்களுக்கு மாதா மாதம் பென்ஷன் தருகிறார்களே, உடனே எழுதிப் போடுங்கள் என்றேன். மச்சான் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"எழுதிப் போட்டா, வேலைக்கு ஆகாதவன்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். அப்புறம் பேரு எப்படி நிக்கும் புள்ள?"

முதலாளியும் அதற்கு ஒத்து ஊதினார். "என்னம்மா அவசரம்? நான் சொக்சோவுக்குக் கட்டிக்கிட்டே வாரேன். கட்டக் கட்டப் பெருசா வரும்." ஒரு குடும்பத்தைக் கெடுக்க எதிரியா வேண்டும்? இரண்டு நல்லவர்கள் போதும்.

ஆக, மச்சான் மறுபடி வேலைக்குப் போனார். மில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வாசலில் ஒரு நாற்காலி, முன்னால் ஒரு பெரிய தட்டு, பக்கத்தில் ஒரு மூட்டை மல்லி. இடது கையால் கல் பொறுக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் விரலை நீட்டிக் காட்டுவார், நகமெல்லாம் தூசி. "இன்னிக்கு ஒரு மூட்டை முடிச்சேன் தவம்!" அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் வாயைத் திறக்க மனசு வரும்? சம்பளமும் குறையாமல் வந்தது.

மச்சானுக்கு அறுபது வயதானபோது முதலாளி மில்லில் பிரியாணி போட்டு மாலையும் போட்டார். கொஞ்ச நாளில் அவருடைய மகன் அஸ்ஃபாக் பொறுப்பை எடுத்தான். கல் பொறுக்க மிஷின் வந்தது, நாற்காலி உள்ளே போனது. "கவலப்படாத தர்மா, இனிமே பென்ஷன் ஒனக்குச் சோறு போடும்," என்று முதலாளியே காரில் எங்களை ஏற்றிக்கொண்டு சொக்சோ அலுவலகத்துக்கு வந்தார். அக்காவுக்கு மூட்டு வலி, அதனால் நான் கூடப் போனேன். அந்தப் பென்ஷன் வந்தால்தான் அந்த வீட்டில் மாத்திரையும் அரிசியும் வாங்க முடியும்.

கவுண்டரில் கிருஷாந்தி என்ற அதிகாரி. தமிழ்ப் பெண். பொறுமையாகப் பேசினாள்.

"ஐயா, ஸ்ட்ரோக் வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வந்தப்பவே ஏன் மனு செய்யல? அதுக்கப்புறம் வேலை செஞ்சீங்களா?"

மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு நாள் தவறலம்மா. பேரு வெட்டே கெடையாது."

"ஆமாம்மா," என்றார் முதலாளியும் பெருமையாக. "இந்த மாதிரி ஆளு கெடைக்காது."

கிருஷாந்தி பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"அறுபது தாண்டி மனு செஞ்சா, அதுக்கு முன்னாலயே வேலை செய்ய முடியாமப் போச்சுன்னும், அதுக்கப்புறம் வேலை செய்யலன்னும் காட்டணும் ஐயா. நீங்க அறுபது வரைக்கும் வேலை செஞ்சிருக்கீங்க. சம்பளம் வாங்கியிருக்கீங்க. இது கிடைக்காது."

முதலாளி பதறிப்போனார். "ஐயோ, அது வேலையே இல்லம்மா! பாவம் பாத்துக் குடுத்த சம்பளம். ஒரே மூட்டை மல்லிதான். அவரு வீட்டுக்குப் போனதும் கல்லத் திருப்பி அதுலயே கலந்துருவோம். காலையில அதையே அவருகிட்ட குடுப்போம். அவரால என்னம்மா செய்ய முடியும்?"

நான் மச்சானைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

கிருஷாந்தி முதலாளி பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: "வேலை செய்யாத ஒருத்தரை வேலை செய்றார்னு காட்டிப் பணம் கட்டினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுவீங்களா? போட்டா ஒங்க மேல விசாரணை வரலாம். இவருக்குக் கிடைக்கும்னும் நான் இப்பவே சொல்ல முடியாது. மேல அனுப்பிப் பார்க்கலாம்."

முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். மச்சானைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசியில் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இல்லம்மா. அவரு வேலை செஞ்சாரு."

"அட பாவி மனுஷா!" என்று கத்திவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மச்சான் தன் இடது கையால் என் கையைப் பிடித்து இழுத்தார். "விடு புள்ள. போலாம்."

காரில் ஏற்றும்போது முதலாளி அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. அந்த அழுகையை விற்று ஒரு மாத்திரை வாங்க முடியுமா? மச்சான்தான் அவரைத் தேற்றுவதுபோல் பேசினார்.

"அந்த மல்லி மூட்டையில ஒரு செவப்புக் கல்லு வரும் மொதலாளி. ஓரம் ஒடைஞ்சிருக்கும். மொத வாரமே பாத்துட்டேன். தெனமும் அதேதான் வரும்."

"தெரிஞ்சுமா தர்மா பேசாம இருந்த? என்கிட்ட கேட்டிருக்கலாமே?"

"கேட்டா, பேர வெட்டிருவீங்களே," என்றார் மச்சான்.