யாரு வச்சது?

சம்பா அறுவடைக்கு முன்பே கூலித் தகராறு முற்றிவிட்ட வருஷம் அது. பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் நான் பள்ளி ஆசிரியை. குடியிருந்தது கூரை வீட்டில். கிறிஸ்துமஸுக்குச் சவுக்குக் கிளையை மணல் வாளியில் நட்டு, ஜிகினா சுற்றி, பொழுது சாயும்போது ஒரே ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தும் ஏற்றினேன். என் தப்புதான்.

அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் பூனைகள் ஜிகினாவை இழுத்து மரத்தைச் சாய்த்துவிட்டன. கிளை பற்றிக்கொண்டது. ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கினேன். புகை கூரைக்கு மேலே போயிருக்க வேண்டும். தெருவில் ஆட்கள் ஓடிவரும் சத்தம். எட்டிப் பார்த்தால், கூலிக்காகப் போராடிக்கொண்டிருந்த தெற்குத் தெரு ஆட்கள், கையில் தடிகளோடு. பயந்து கதவைத் தாழிட்டேன்.

"டீச்சர், தொறங்க! தண்ணி கொண்டாந்திருக்கோம்!"

திறந்தேன். பின்னால் பெண்கள் இடுப்பில் குடங்களோடு நின்றார்கள். தங்கள் குடிசைகளுக்குப் பண்ணையார் ஆட்கள் தீ வைத்துவிடாமல் காவல் இருந்தவர்களாம். முன்னால் நின்றவர் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"யாரு வச்சது டீச்சர்? பயப்படாம சொல்லுங்க."

"பூனைங்க" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. நெருப்பு தானாகவும் பிடிக்கும் என்பதையே அவர்கள் மறந்து போயிருந்தார்கள். நான் தாழ்ப்பாள் போட்ட சத்தம் அவர்களுக்குக் கேட்டிருக்கும். ஏன் தாழிட்டேன் என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.