திருப்பிக் கட்டிய சேலை

டி.வி. நாடகத்தில் மாமியார் வேஷம் போடுகிறவளுக்கு ஊரெல்லாம் மருமகள்கள். ஒருத்தியும் நல்ல வார்த்தை சொல்லமாட்டாள். வேஷம் கட்டிப் பிழைத்தவர்கள், பிழைக்க முடியாமல் ஓடியவர்கள், வீட்டுக்குத் தெரியாமல் மேடையேறி உதை வாங்கியவர்கள் எல்லோருக்கும் இந்தப் பாடு தெரியும்.

என் பாட்டில் கூடுதலாக ஒரு சங்கதி. அம்மையார்குப்பத்தில் தறி நெய்யும் முனிசாமிக்கு ஆண்பிள்ளை என்று பிறந்து, பெண்ணாக வளர்ந்தவள் நான். சகுந்தலா என்பது நானே எனக்கு வைத்துக்கொண்ட பெயர். அறுபதுகளின் கடைசியில், பதினேழு வயதில், அக்காவின் தாவணியைக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் தறியை விட்டு எழுந்து வந்தார். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. "இந்த வேஷத்தோட என் கண்ணுல படாத" என்றார். அன்றைக்குக் கிளம்பியவள்தான். சேலை கட்டிக்கொண்டு அவர் கண்ணில் ஒரு தடவையாவது பட்டுவிட வேண்டும் என்பதுதான் அதற்குப் பிறகு எனக்கு இருந்த ஒரே வேண்டுதல். திருத்தணி முருகனுக்கு அது மனப்பாடம் ஆகியிருக்கும்.

பகல் வேஷம்

திருத்தணி அடிவாரத்தில் ஒரு நாடக செட்டில் சேர்ந்தேன். பெண் வேஷமெல்லாம் ஆண்களே கட்டின காலம். நாடகம் முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி முகத்தைத் துடைத்து, வேட்டியை மடித்துக் கட்டி, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் பவுடரை மட்டும் துடைத்துவிட்டுச் சேலையோடு உட்கார்ந்திருப்பேன். யாராவது பார்த்தால் 'பின் ஊசி சிக்கிக்கொண்டது' என்பேன். எத்தனை நாளைக்கு ஒரே ஊசி சிக்கும்?

ஆர்மோனியக்காரர் ராகவலுவுக்குச் சுருதி பிசகினால் மட்டுமல்ல, பொய் சொன்னாலும் கேட்டுவிடும். ஒரு வாரம் பார்த்தார். எட்டாம் நாள் பெட்டியை மூடிக்கொண்டே சொன்னார்: "அவனுங்க வேஷத்தக் கலைச்சிட்டு வூட்டுக்குப் போறானுங்க. நீ பதினேழு வருஷமா டவுசரு வேஷம் கட்டிகினு இருந்து இப்பதான் கலைச்சிருக்கற. குந்தும்மா, டீ சொல்றேன்."

எந்த அறை

எண்பதுகளில் ஒரு டி.வி. தயாரிப்பாளர் கிருத்திகைக்கு மலையேற வந்தவர், எங்கள் நாடகத்தைப் பார்த்துவிட்டு மெட்ராஸுக்கு வரச் சொன்னார். கொடுமைக்கார மாமியார் வேஷம். விடியற்காலை ரயிலைப் பிடித்துப் போய் இறங்கினால், மேக்கப் அறை இரண்டு. ஒன்றில் ஆண்கள், இன்னொன்றில் பெண்கள். நான் நடுவில், கையில் மஞ்சள் பையோடு, தாலுகா ஆபீசில் மனு கொடுக்க வந்தவள் மாதிரி நின்றேன்.

மேக்கப் போடுகிற பெரியவர் எட்டிப் பார்த்தார். அவருக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். "ஆம்பளைக்கு அஞ்சு நிமிஷம், பொம்பளைக்கு அரை மணி. உனுக்கு எவ்ளோ நேரம் ஒதுக்கணும், அத்த மட்டும் சொல்லிடு தாயி."

அரை மணி என்றேன். முக்கால் மணி எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து சீட்டு

பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு எப்போதும் காலியாகவே வரும். நிற்க இடமில்லாமல் படியில் தொங்குவார்கள், என் பக்கத்தில் உட்காரமாட்டார்கள். அதற்கும் பழகிப்போய், கூடையை அங்கே வைத்துக்கொள்வேன்.

நாடகம் நாலு வாரம் ஓடியிருக்கும். பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஒரு அம்மாள் என் கூடையைத் தூக்கிக் கீழே வைத்தாள், தொப்பென்று உட்கார்ந்தாள், என் பக்கம் திரும்பினாள். டி.வி.யில் நான் மருமகளைப் பட்டினி போட்டதற்கு ஆர்.கே.பேட்டை வரைக்கும் திட்டினாள். மூச்சு வாங்க இறங்கும்போது கடைசியாக ஒன்று: "புள்ளத்தாச்சிப் பொண்ணுக்கு ஒரு வாய் சோறு போடல. நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

இந்தக் கேள்வியை அதற்கு முன் எத்தனையோ பேர் என்னைக் கேட்டு அழவைத்திருக்கிறார்கள். நான் பெண்தான் என்பதில் சந்தேகமே இல்லாமல் கேட்டவள் அவள் ஒருத்திதான். அழுதேன், இந்தத் தடவை சந்தோஷத்தில். கண்டக்டர் பயந்துபோய், "வுடுங்கக்கா, அது கெடக்குது, நல்லாத்தான் நடிக்கறீங்க" என்றார்.

வேல் கரை

நாடகத்துக்குச் சேலை நாமேதான் கொண்டுபோக வேண்டும். என்னிடம் இருந்த நல்ல சேலைகள் எல்லாம் ஒரே கை நெய்தவை. கரையில் வரிசையாக ஜரிகை வேல் போடுவது நைனாவின் பழக்கம். ஊரில் வேறு யாரும் அந்தக் கரை போடமாட்டார்கள். திருத்தணி ஜவுளிக்கடையில் அது வந்தால் எனக்கு எடுத்துவைக்கச் சொல்லியிருந்தேன். வீட்டுக்குள் போக முடியவில்லை, வீட்டில் நெய்ததையாவது உடுத்திக்கொள்ளலாம் அல்லவா?

அம்மையார்குப்பம் பஞ்சாயத்துக்கு டி.வி. பெட்டி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் ஒரு வேல் கரைச் சேலையை இஸ்திரி போட்டு எடுத்துப்போனேன். என்றைக்காவது நைனா அந்தப் பக்கம் வரமாட்டாரா! விளக்கைப் போட்டதும் கேமராக்காரர் கண்ணைக் கசக்கினார். ஜரிகை கூசுகிறதாம், திருப்பிக் கட்ட வேண்டுமாம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சேலையின் அடிப்பக்கம் நூல் நூலாகத் தொங்கும். தறி வீட்டில் பிறந்தவள் அதை ஊருக்குக் காட்டலாமா? மாட்டேன் என்றேன், மாற்றுச் சேலையும் இல்லை. கேமராக்காரர் சமாதானம் சொன்னார்: "ஏம்மா, பாக்கறவங்க உன் மூஞ்சியப் பாப்பாங்களா, சேலை நூல எண்ணிக்கினு இருப்பாங்களா?"

வேறு வழியில்லாமல் திருப்பிக் கட்டிக்கொண்டு நின்றேன். பாவம், அவருக்கு நெசவாளிகளோடு பழக்கமில்லை.

பஞ்சாயத்து டி.வி.

அக்கா புருஷனை நாங்கள் பாவா என்போம். நைனா வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளை. கிருத்திகைக்குக் கிருத்திகை மலைக்கு வருகிற சாக்கில், நைனாவுக்குத் தெரியாமல் என்னைப் பார்த்துவிட்டுப் போவார். அந்த நாடகம் வந்த மறுநாள் காலை, கிருத்திகை இல்லாமலே வந்து நின்றார். யாருக்கு என்ன ஆச்சோ என்று எனக்குக் கை கால் ஓடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்.

முந்தின நாள் சாயங்காலம் பஞ்சாயத்து டி.வி. முன்னால் ஊரே உட்கார்ந்திருக்கிறது. நைனாவும் பின்னால் இருந்திருக்கிறார். நான் வந்ததும் எவனோ ஒருத்தன், "முனிசாமி, உன் பையன் சேல கட்டிகினு வரான் பாரு" என்று சொல்ல, ஒரே சிரிப்பு. நைனா எழுந்தார். வீட்டுக்குப் போகப்போகிறார் என்று பாவா நினைத்தாராம். அவர் நேராக முன்னால் போய், பெட்டியில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து என்னைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அவர் சொன்னதைப் பாவா எனக்கு அப்படியே சொல்லிக் காட்டினார்: "இன்னாடா சிரிப்பு? எம் பொண்ணு என் சேலைய திருப்பிக் கட்டிகினு நிக்குது! நூலெல்லாம் வெளிய தொங்குது! மெட்ராஸ்காரன் என் நெசவப் பத்தி இன்னா நெனப்பான்? அந்தக் கழுதைய இட்டுகினு வாங்கடா இங்க!"

தறிக்குழி

அதே சேலையை, மேல்பக்கம் வெளியே வர, நாலு தடவை கட்டி அவிழ்த்துச் சரிபார்த்துக்கொண்டு பாவாவோடு பஸ் ஏறினேன். பதினெட்டு வருஷம் கழித்து அந்த வாசப்படி. நைனா தறிக்குழியில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்திருந்தது. ஊடு நூல் பாய்ச்சுகிற நாடா ஓடுவது நின்றது. நான் காலில் விழுந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், விட்டார். கேமராக்காரர்தான் கட்டச் சொன்னார் என்று சொல்ல வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

நைனா மறுபடியும் தறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மேல்பக்கம் எது, அடிப்பக்கம் எதுன்னு தெரியாமயா வளந்த இந்த வூட்ல? போ, அக்காவ சோறு போடச் சொல்லு. இனிமே டி.வி.க்குப் போறதுன்னா, கட்டிகினு வந்து எங்கிட்ட காட்டிட்டுப் போ."

என் நடிப்பு எப்படி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாமலே போய்ச் சேர்ந்த ஒரே ரசிகர் என் நைனாதான் என்றாலும், அவர் இருந்தவரை ஒவ்வொரு ஷூட்டிங்குக்கும் முந்தின நாள் சேலையோடு அவர் முன்னால் போய் நின்று, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி, இரண்டு திட்டு வாங்கிக்கொண்டுதான் நான் ரயில் ஏறினேன்.