சின்னாத்தாளின் குரல் இருந்த பெட்டி

ஜெரோம் நல்ல வேலைக்காரன்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் "தெரியலீங்க" என்ற ஒரு சொல் மட்டும் அவன் வாயில் வராது. பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜவுளிக்கடை மாடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்தான். பிரிண்டர் பேப்பரைத் தின்கிறதா, மானிட்டர் இருண்டுவிட்டதா, தேங்காய் மண்டிக்காரர் மகன் விளையாட்டு சி.டி. போட்டு மிஷினைப் படுக்க வைத்துவிட்டானா, எது வந்தாலும் "பாத்துரலாமுங்க" என்று வாங்கி வைத்துக்கொள்வான். வந்தவர் படியிறங்கிய பிறகுதான் இது என்ன எழவு என்று திறந்தே பார்ப்பான்.

"உங்களைய ஏரோப்ளேன் ஓட்டச் சொன்னாக்கூட பாத்துரலாமுங்கன்னுதான் சொல்லுவீங்க. ஏறி உக்காந்தவிய கதி என்னாகறது?" என்பாள் அவன் மனைவி செவ்வந்தி. அவள் கேலி செய்வாள், அவன் சிரித்துக்கொள்வான்.

அந்த வீம்புக்கு ஒரு வேர் இருந்தது. அவன் அப்பாவுக்குத் தேவாலயத்தில் கொடுத்த பெயர் சின்னப்பன். ஆனால் ஆயுசு முழுக்க அவர் பாடுபட்ட ஆறுச்சாமிக் கவுண்டர் தோட்டத்தில் அவர் வெறும் சின்னான். வாய்க்கால் மடையைத் திருப்புவதானாலும், தாகத்துக்கு ஓர் இளநீர் வெட்டுவதானாலும், காய்ச்சலில் கிடக்கும் மகனைப் பார்க்க வீட்டுக்குப் போவதானாலும், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கவுண்டர் முன்னால் போய் நின்று, "செய்யலாமுங்களா பண்ணாடி?" என்று கேட்பார். பண்ணாடி தலையாட்டினால்தான் கை அசையும். பக்கத்தில் நின்ற ஜெரோமுக்கு அதைக் கேட்கக் கேட்க உடம்பு கூசும். செத்தாலும் அந்த வாசலில் அந்தக் கேள்வியை நான் கேட்கமாட்டேன் என்று சின்ன வயதிலேயே முடிவு கட்டிவிட்டான். அப்பா போய்ச் சேர்ந்தும் அந்த வைராக்கியம் போகவில்லை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ஆவணியில் அதே ஆறுச்சாமி அவனுக்குப் போன் செய்தார். "தம்பி, ஒரெட்டு ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க" என்றார். தம்பியாம், வாங்க போங்கவாம்! ஜெரோம் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு போனான். கவுண்டர் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். வீட்டுக்காரர்கள் குடிக்கும் எவர்சில்வர் டம்ளரிலேயே காப்பி வந்தது. அவன் அப்பாவுக்கு இந்த வீட்டில் இருந்தது மாட்டுக்கொட்டகைக் கூரையில் செருகி வைத்த அலுமினிய டம்ளர்தான். காப்பியைக் குடித்தபோது ஜெரோமுக்கு நெஞ்சு நிமிர்ந்ததென்னவோ உண்மை.

கவுண்டர் ஒரு கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டி, காதில் மாட்டும் ஒயர், கூடவே ஒரு சி.டி.யும் இருந்தன. பெட்டி வாக்மேன் மாதிரிதான், ஆனால் கேசட் கிடையாது. கம்ப்யூட்டரிலிருந்து பாட்டை ஏற்றிக்கொண்டு பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம். ஜெரோம் அதைப் பத்திரிகையில் படம் பார்த்ததோடு சரி.

"ஏனுங் தம்பி, இதுக்குள்ள எங்கூட்டுக்காரி பேசுனது இருக்குதாமா" என்றார் கவுண்டர்.

அவர் மனைவி சின்னாத்தாள் மருமகளின் பிரசவத்துக்காக அமெரிக்கா போனவள், அங்கேயே நெஞ்சுவலியில் போய்விட்டாள். உடம்பைக் கொண்டுவர முடியவில்லை. மகன் கதிருக்கு விசாச் சிக்கல், அவனாலும் வர முடியவில்லை. தெரிந்தவர் ஒருவர் கையில் சாம்பல் வந்தது. கவுண்டர் கொடுமுடிக்குப் போய்க் காவிரியில் கரைத்தார். அதே ஆள் கையில்தான் இந்தப் பெட்டியும் வந்தது.

"சமையக்கட்டுல காயரிஞ்சுட்டே அவ என்னையப் பத்தி எதையோ பேசிட்டிருந்தாளாம். கதிரு அவளுக்குத் தெரியாமப் புடிச்சு வெச்சிருக்கறான். நானும் எல்லா பட்டனையும் அமுக்கிப் பாத்துட்டேன், இங்கிலீசுப் பாட்டுத்தான் வருது. அவ முகத்தைக்கூட நான் கடைசியாப் பாக்கலைங்க தம்பி. இதையாவது கேட்டுப்போடணும்."

"பாத்துரலாமுங்க" என்றான் ஜெரோம்.

எதைப் பார்ப்பது? விளக்கப் புத்தகம் வந்து சேரவில்லை. எந்தப் பட்டனைத் தொட்டாலும் பாட்டுதான் வந்தது. சரி, கம்ப்யூட்டரில் இணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியுமே என்று நினைத்தான். அந்த வீட்டில் கதிர் முந்தைய லீவில் வாங்கி வைத்த கம்ப்யூட்டர் இருந்தது. ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு அதன் நெற்றியில் இன்னும் ஒட்டியிருந்தது. பழைய விண்டோஸ் 95. சி.டி.யைப் போட்டால் முக்கால்வாசி ஓடி, ஏதோ ஒரு ஃபைல் இல்லை என்று நின்றுவிட்டது. கடைக்குப் போய் அந்த ஃபைலை ஃப்ளாப்பியில் கொண்டுவந்து போட்டான். சாஃப்ட்வேர் ஏறியது, ஆனால் பெட்டி செருகியிருப்பதே அதற்குத் தெரியவில்லை. பிரிண்டர் ஒயர் குத்துகிற இடத்தில்தான் இதையும் குத்த வேண்டும். மிஷினை நிறுத்திக் கிளப்பி, உள் அமைப்புக்குள் புகுந்து அந்த இடத்தின் செட்டிங்கை மாற்றிப் பார்த்தான். சனியன் ஒருவழியாகக் கண்ணைத் திறந்தது. திறந்த வேகத்தில், பெட்டிக்குள் இருக்கும் புரோகிராம் பழசு, புதுசு போட்டால்தான் பேசுவேன் என்றது.

இதற்கெல்லாம் அவன் பலமுறை அந்த வீட்டுக்கு நடந்தான். ஒவ்வொரு முறையும் கவுண்டர் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், ஒவ்வொரு முறையும் காப்பி வரும். "கேக்குதுங்களா தம்பி?" என்பார். "இன்னும் ஒரே ஒரு வேலைங்கய்யா" என்பான் இவன்.

புதிய புரோகிராமை இன்டர்நெட்டில்தான் எடுக்க வேண்டும். கோயமுத்தூர் காந்திபுரத்தில் அவனோடு கோர்ஸ் படித்த அப்துல் முத்தலிப் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தான். அங்கே போய் உட்கார்ந்து, லைன் அறுந்து அறுந்து, ஒருவழியாக ஃப்ளாப்பிகளில் பிரித்து இறக்கினார்கள். கிளம்பும்போது முத்தலிப் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"மாப்ளே, இதைப் போட்டா உள்ள இருக்கறது நிக்குமா போகுமான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பையன்கிட்ட போன்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடு."

"பாத்துக்கறேன்டா" என்றான் ஜெரோம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞாயிறுதோறும் காலை பத்து மணி வாக்கில் கதிர் அமெரிக்காவிலிருந்து கூப்பிடுவான். அவன் கூப்பிடும்போது, "அம்மா பேசுனதைக் கேட்டுட்டோம், ஜெரோமு தம்பி எடுத்துக் குடுத்துருச்சு" என்று கவுண்டர் சொல்ல வேண்டும். அதைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று ஜெரோமுக்கு ஆசை. தேவாலயப் பூசைக்குக்கூட வராமல் அப்படியென்ன அவசரம் என்று செவ்வந்தி முணுமுணுத்துக்கொண்டு தனியாகப் போனாள். அட, ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் விவரம் தெரிந்த கதிரே லைனில் வந்திருப்பான். ஆசை பொறுக்குமா?

ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாக ஏற்றி முடித்தான். திரையில் ஒரு சின்னக் கட்டம் எழும்பி ஆங்கிலத்தில் கேட்டது. பெட்டியில் உள்ள பாட்டுகள் நீங்கிவிடும், தொடரலாமா?

ஜெரோமின் கை நின்றது. பாட்டுகள் என்றுதானே போட்டிருக்கிறது? குரல் வேறு இடத்தில் இருக்கும், அதற்கு ஒன்றும் ஆகாது. ஆகாது என்றுதான் நினைத்தான். நிச்சயமாகத் தெரியாது. அப்படி நிச்சயமில்லை என்பதும் அவனுக்கு நன்றாகத் தெரியும். பின்னால் கவுண்டர் உட்கார்ந்திருந்தார், அவர் மூச்சு விடுவது கேட்டது. திரும்பி ஒரு வார்த்தை, "ஏனுங்கய்யா, இதை அமுக்கலாமுங்களா?" என்று கேட்டால் போதும். "இருங்க தம்பி, பையன் பேசட்டும்" என்று அவர் சொல்லியிருப்பார்.

ஆனால் அது அவன் அப்பாவின் கேள்வி. அதே வீடு, அதே ஆள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற சின்னான் கண்ணுக்குள் வந்தார். ஜெரோம் திரும்பவில்லை. "ஆம்" என்ற இடத்தில் அமுக்கிவிட்டான்.

நீலப்பட்டை நிதானமாக ஓடி முடிந்தது. எல்லாம் வெற்றிகரமாக நடந்தது என்று மிஷின் வாழ்த்தியது. பெட்டியின் குட்டித் திரையில் முன்பு இல்லாத ஒரு வரி இப்போது வந்திருந்தது. குரல் என்று தனியே ஒரு பிரிவு. ஜெரோம் உள்ளே போனான். காலி. வெளியே வந்து மறுபடி போனான். காலிதான். பழைய புரோகிராமில் பேச்சும் பாட்டுகளுக்கு நடுவேதான் கிடந்திருக்கிறது, அவற்றோடு அதுவும் போய்விட்டது.

என்ன காரியம் செய்துவிட்டோம், செத்தவளை இன்னொரு முறை கொன்றுவிட்டோமே என்று ஒரு கணம்தான் நினைத்தான். அடுத்த கணமே வாய் முந்திக்கொண்டது.

"ஐயா, உள்ள குரல் எதும் இல்லீங்க. அங்கயே பதிவாகலைன்னு நெனைக்கறேனுங்க."

கவுண்டர் பெட்டியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "இல்லீங்களா?" என்றார். "இல்லீங்க" என்றான். போன் அடித்தது.

"ஏண்டா, அம்மா பேசுனது இருக்குதுன்னு சொன்னே? இதுல ஒரு மண்ணும் இல்லையாமா!" என்று எடுத்ததும் பிடித்துக்கொண்டார் கவுண்டர். அந்தப் பக்கம் கதிர் ஏதோ சொன்னான். கவுண்டர் ரிசீவரை ஜெரோமிடம் நீட்டினார். "உங்களோட பேசோணுமாமா."

"ஜெரோமு, புது அப்டேட் போட்டீங்களா?" என்றான் கதிர். சின்ன வயதில் வாய்க்காலில் ஒன்றாகக் குதித்தவர்கள் இருவரும். "போட்டனுங்க" என்றான் ஜெரோம்.

"போடறதுக்கு முன்னால கேட்டுருக்குமே?"

"கேட்டுச்சுங்க."

கதிர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "எங்கிட்டயும் வேற இல்லை. அதுல மட்டுந்தான் இருந்துச்சு" என்றான். ஜெரோமால் மன்னிப்புக்கூடக் கேட்க முடியவில்லை. இரண்டடி தள்ளிக் கவுண்டர் நின்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றான் கதிர். "சொன்னா உங்களோட நிறுத்தமாட்டாரு. உங்கப்பாவை இழுப்பாரு, உங்க சாதியையே இழுப்பாரு. எங்கம்மாவச் சாக்கு வெச்சு அந்தப் பேச்சு எங்கூட்டுல வேண்டாம். நான் பதியலைன்னே இருந்துட்டுப் போகட்டும். போனை அவர்கிட்ட குடுங்க."

ஜெரோம் கொடுத்தான். வேறென்ன செய்வான்?

"அத்தனை படிச்சு என்னடா பிரயோசனம்? பெத்தவ பேசறதை ஒழுங்காப் புடிக்கத் தெரியலை! சாம்பலத்தான் ஆளுகிட்டக் குடுத்துவுட்டே, பேச்சையாவது உருப்படியா அனுப்பறதுக்கென்ன?" கவுண்டர் கத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து "ஆமாங்கப்பா, ஆமாங்கப்பா, என்ற தப்புத்தானுங்க" என்று மட்டும் வந்தது. ரிசீவரை அவர் வைத்த வேகத்தில் மேஜை ஆடியது. ஜெரோம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தத் திட்டில் ஒவ்வொரு சொல்லும் தனக்கு வர வேண்டியது. தன்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். நாற்காலியும் காப்பியும் கொடுத்த வீட்டில் பொய் சொல்லிவிட்டு, கடல் தாண்டி இருப்பவன் தலையில் தன் பழியைச் சுமத்திவிட்டு நிற்கிறோமே என்று அவமானத்தில் காது மடல் எரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

கவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, இப்ப இதுல பேச்சுப் புடிக்க முடியுமுங்களா?"

"முடியுமுங்க" என்றான் ஜெரோம். அதற்குத்தான் புதிதாக அந்தப் பிரிவே வந்திருக்கிறது.

"அப்ப புடிங்க."

ஜெரோம் பட்டனை அமுக்கிப் பெட்டியை அவர் வாய்க்கு நேரே பிடித்தான். கவுண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பெட்டியைப் பார்த்து, கூட்டத்தில் பேசுகிறவர் போலச் சத்தமாக ஆரம்பித்தார்.

"கதிரு, அப்பன் பேசறேன். உன்னையத் திட்டிப்போட்டேன். மனசுல வெச்சுக்காதே கண்ணு. அம்மா பேசுனது பொட்டில உழுகாமப் போச்சுன்னா அது உன்ற தப்பில்லை. தெரியாம நடந்துது. நீ தனியாக் கெடந்து அவளுக்குக் கொள்ளி வெச்சே. நான் இங்க உக்காந்துட்டு உன்னைய வாய்க்கு வந்தபடி பேசறேன். நானும் நாளைக்குப் போயிட்டா, திட்டுனது மட்டும் உனக்கு நெனவிருக்கக் கூடாது. அதுக்குத்தான் இதைய அனுப்பறேன். நம்ம சின்னான் மகன் ஜெரோமுதான் இத்தனை நாளா நடையா நடந்து இதையச் சரி பண்ணிக் குடுத்துச்சு. சொக்கத் தங்கம். நீ வந்தா அவனைப் போய்ப் பாரு."

சொல்லிவிட்டு அவனைப் பார்த்துத் தலையாட்டினார். ஜெரோம் பட்டனை விட்டான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். கதிரின் பேச்சு காதில் இருந்தது. அதைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டான். ஆனால் கதிருக்காக மட்டும் மூடவில்லை, தன் பயத்துக்காகவும்தான் மூடினான் என்பது அவனுக்கே தெரிந்திருந்தது.

"எல்லாம் உழுந்திருக்குதான்னு கேட்டுப் பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார் கவுண்டர்.

ஜெரோம் ஒயரைக் காதில் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை கேட்டான். அவர் கண்ணெடுக்காமல் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தைகூட உட்டுப்போகலீங்க" என்றான்.